புகைக்காதவர் தொடுத்த வழக்கு

வெண்சுருட்டுப் பெட்டியின் மேல் எச்சரிக்கை இருக்கிறது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டு முதல் எழுத்தோடு நோய்ப் படங்களும் சேர்ந்துகொண்டன. அவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார். முப்பது ஆண்டுகள் புகைத்து நோயில் விழுந்த பிறகு அவர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தால், "யார் உன்னைப் புகைக்கச் சொன்னது?" என்றுதான் நாமே கேட்போம். பலர் நினைப்பதுபோல் இது எளிய கேள்வியன்று. இந்த ஒரே கேள்வியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் நாற்பது ஆண்டுகள் நீதிமன்றங்களில் வெற்றி மேல் வெற்றி பெற்றன.

1954-ஆம் ஆண்டு முதல் 1994-ஆம் ஆண்டு வரை, நோயுற்ற தனி மனிதர்களும் அவர்தம் குடும்பத்தாரும் நூற்றுக்கணக்கான வழக்குகளைத் தொடுத்தனர். அந்தக் காலம் முழுவதிலும் நிறுவனங்கள் எவருக்கும் ஒரு காசு கூட இழப்பீடாகக் கொடுத்ததில்லை. நியூ ஜெர்சியைச் சேர்ந்த ரோஸ் சிப்பலோன் என்ற பெண்மணியின் வழக்கில் 1988-ஆம் ஆண்டு ஜூரிகள் அவருடைய கணவருக்கு 4 இலட்சம் டாலர் வழங்கச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் வந்த பிறகு, தொடர்ந்து நடத்தப் பணமில்லாமல் 1992-இல் கைவிடப்பட்டது. நிறுவனங்களின் உத்தி இதில் வெளிப்படையாகவே தெரிந்தது. எதிராளியைச் சட்டத்தால் மட்டுமின்றிச் செலவாலும் வீழ்த்த வேண்டும். சாட்சி மேல் சாட்சி, மனு மேல் மனு என்று இழுத்துக்கொண்டே போனால், நோயாளி இறந்துவிடுவார் அல்லது அவருடைய வழக்குரைஞர் நொடித்துப்போவார்.

இப்போது வேறு ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். வழக்குத் தொடுப்பவர் வாழ்நாளில் ஒரு வெண்சுருட்டைக் கூடத் தொடாதவர். ஆனால் புகைத்தவர்களின் மருத்துவச் செலவையெல்லாம் கட்டியவர். அவரைப் பார்த்து "யார் உன்னைப் புகைக்கச் சொன்னது?" என்று கேட்க முடியுமா?

அந்த வழக்காளிதான் அரசாங்கம்.

மிசிசிப்பியில் பிறந்த யோசனை

1993-ஆம் ஆண்டு, மிசிசிப்பி மாநிலத்தின் சிறு நகர் ஒன்றில் வழக்குரைஞராக இருந்த மைக் லூயிஸ், தம் அலுவலகப் பணியாளர் ஒருவரின் தாயாரை மருத்துவமனையில் பார்க்கப் போனார். நெடுங்காலம் புகைத்த அந்த அம்மையார் சாகும் நிலையில் கிடந்தார். சிகிச்சைச் செலவை ஏற்றது 'மெடிக்கேய்ட்'. ஏழைகளுக்கென அமெரிக்க நடுவண் அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் மருத்துவ உதவித் திட்டம் அது. அதாவது, பணம் வரி செலுத்துவோருடையது. அந்த அம்மையாரால் வழக்கில் வெல்ல முடியாது என்பது லூயிஸுக்குத் தெரியும். அவருக்காகச் செலவழித்த மாநிலத்தால் வெல்ல முடியுமா? இந்தக் கேள்வியோடு அவர் தம்முடன் சட்டக் கல்லூரியில் படித்த நண்பரிடம் போனார். அந்த நண்பர் மைக் மோர், மிசிசிப்பியின் சட்டத்துறைத் தலைவர். 1994-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள், 13 புகையிலை நிறுவனங்களையும் அவற்றைச் சார்ந்தோரையும் எதிர்த்து மோர் வழக்கைப் பதிவு செய்தார்.

வழக்கின் அடிப்படையை விளக்க நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. மாணவர்கள் தங்கியிருக்கும் வாடகை வீடு ஒன்றே போதும். அறைத்தோழன் கட்ட வேண்டிய மின்கட்டணத்தை அவன் கட்டவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்களே என்று நீங்கள் கட்டிவிடுகிறீர்கள். உங்கள் பணத்தில் அவன் இலாபம் அடைந்தான். அதைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆங்கிலேயச் சட்ட மரபில் இது முறையற்ற ஆதாயம் எனப்படும். புகையிலை நிறுவனங்கள் தங்கள் பொருளால் விளைந்த நோயின் செலவைத் தாங்களே ஏற்றிருக்க வேண்டும். அதை மாநிலம் ஏற்றதால் அவை ஆதாயம் அடைந்தன. ஆகவே பணத்தைத் திருப்பித் தரட்டும் என்றது மிசிசிப்பி. இப்படிப்பட்ட வழக்கு, ஜூரிகள் இல்லாமல் நீதிபதி மட்டுமே விசாரிக்கும் சான்சரி நீதிமன்றத்திற்குப் போகும். அதுவும் மோர் கணக்கிட்டுச் செய்ததுதான்.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. மாநிலம் நோயாளியின் இடத்தில் நின்றுதான் பேச முடியும். அப்படியானால் நோயாளியைக் கேட்ட கேள்விகளையெல்லாம் மாநிலத்தையும் கேட்போம் என்றன. கேட்கவே கூச்சமூட்டும் இன்னொரு வாதமும் இருந்தது. புகைப்பவர்கள் சீக்கிரம் இறந்துவிடுவதால், முதுமையில் அவர்களுக்குத் தர வேண்டிய ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் அரசுக்கு மிச்சம். அந்த மிச்சத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வாதம். இதே கணக்கைப் பின்னாளில் ஃபிலிப் மோரிஸ் நிறுவனம் செக் குடியரசில் ஓர் ஆய்வறிக்கையாகவே எழுதி வாங்கியது. அது 2001-இல் வெளியே தெரிந்து உலகமே காறித் துப்பிய பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

வேடிக்கை என்னவென்றால், மோரை எதிர்த்து வழக்காடியவர்களில் அவருடைய சொந்த மாநிலத்தின் ஆளுநரும் ஒருவர். கெர்க் ஃபோர்டிஸ் என்ற அந்த ஆளுநர், தம் அனுமதியின்றி வழக்கை நடத்தக்கூடாது என்று 1996-இல் மாநில உச்ச நீதிமன்றத்தை நாடினார். அடுத்த ஆண்டு அவருடைய மனு தள்ளுபடியானது.

பணத்துக்கு என்ன வழி? மாநிலத்திடம் இருந்தது சிறிய சட்டத்துறை. எதிரே நின்றது உலகின் செல்வமிக்க தொழில்களுள் ஒன்று. மோர் தனியார் வழக்குரைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். வென்றால் கட்டணம், தோற்றால் செலவு அவர்களுடையது என்பது ஏற்பாடு. அவர்களில் முதன்மையானவர் ரிச்சர்ட் ஸ்க்ரக்ஸ். செலவால் வீழ்த்தும் பழைய உத்தி இங்கே பலிக்கவில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. மிசிசிப்பி, ஃபுளோரிடா, டெக்சஸ் ஆகிய மூன்று மாநிலங்களின் தனியார் வழக்குரைஞர்களுக்கு மட்டும் 1998-இல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் 820 கோடி டாலர். ஸ்க்ரக்ஸ் வேறொரு வழக்கில் நீதிபதிக்குக் கையூட்டுக் கொடுக்கச் சதி செய்ததை 2008-இல் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். நல்ல வழக்கை நடத்தியவர்கள் எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியா என்ன?

பூட்டிய அறைக்குள் இருந்தவை

மோர் வழக்குத் தொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பு, 1994 ஏப்ரல் 14 அன்று, ஏழு பெரும் புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு, நிக்கோட்டின் மனிதனை அடிமைப்படுத்தும் பொருள் என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள். அதற்கு அடுத்த மாதமே, கலிஃபோர்னியாப் பேராசிரியர் ஸ்டாண்டன் கிளாண்ட்ஸ் என்பவருக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே பிரவுன் அண்ட் வில்லியம்சன் நிறுவனத்தின் இரகசிய ஆவணங்கள், ஏறத்தாழ 4,000 பக்கங்கள். நிறுவனத்தின் வழக்குரைஞர்களிடம் பணியாற்றிய ஒருவர் படியெடுத்தவை அவை. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள், நாம் விற்பது அதைத்தான் என்று அந்த நிறுவனத்தின் தலைமைச் சட்ட ஆலோசகரே 1963-ஆம் ஆண்டில் எழுதி வைத்திருந்தார். 31 ஆண்டுகளுக்கு முன்பு உள்ளே எழுதியது ஒன்று, உறுதிமொழியோடு வெளியே சொன்னது வேறொன்று.

அதே நிறுவனத்தின் முன்னாள் ஆய்வுத் தலைவர் ஜெஃப்ரி வைகண்ட், 1995 நவம்பரில் மிசிசிப்பி வழக்கில் வாக்குமூலம் கொடுத்தார். வாய் திறந்தால் சிறை என்று அவரை மிரட்டும் நீதிமன்ற உத்தரவு அவருடைய சொந்த மாநிலத்தில் நிலுவையில் இருந்தது. 1999-இல் வந்த 'தி இன்சைடர்' என்ற திரைப்படம் அவருடைய கதைதான்.

1997 மார்ச்சில் நிறுவனங்களின் அணி உடைந்தது. ஐந்து பெரிய நிறுவனங்களுள் ஆகச் சிறியதான லிகெட், 22 மாநிலங்களோடு உடன்பாடு செய்துகொண்டு, நிக்கோட்டின் அடிமைப்படுத்தும், புகை புற்றுநோய் தரும் என்று ஒப்புக்கொண்டது. தன்னிடமிருந்த ஆவணங்களையும் கொடுத்தது. அதன் பிறகு மற்றவையும் ஒவ்வொரு மாநிலமாகச் சமரசத்துக்கு வந்தன. மிசிசிப்பிக்கு 1997 ஜூலையில் ஏறத்தாழ 336 கோடி டாலர். ஃபுளோரிடாவுக்கு 1,130 கோடி. டெக்சஸுக்கு 1,530 கோடி.

நான்காவது மாநிலமான மினசோட்டாவை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். அதன் சட்டத்துறைத் தலைவர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி பணத்தைவிட ஆவணங்களைக் குறிவைத்தார். நான்கு ஆண்டுப் போராட்டத்தில் ஏறத்தாழ 3.5 கோடிப் பக்கங்களை வெளியே இழுத்தார். வழக்குரைஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சு இரகசியம் என்று சொல்லி நிறுவனங்கள் மறைத்தவற்றில் ஏறத்தாழ 39,000 ஆவணங்களை ஒப்படைக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. மோசடியை மறைக்க அந்த இரகசிய உரிமையைப் பயன்படுத்த முடியாது என்பது சட்டம். நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை ஓடியும் பயனில்லை. 1998 மே 8 அன்று, வழக்கு ஜூரிகளின் கைக்குப் போகவிருந்த நேரத்தில், நிறுவனங்கள் மாநிலத்துக்கு 610 கோடி டாலர் தர இசைந்தன. ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும் இசைந்தன. இன்று அவை கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாக நூலகத்தின் வழியாக இணையத்தில் கிடைக்கின்றன. எவரும் படிக்கலாம்.

நமக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் பணியாற்றிய மேரி அசுந்தா, ஆஸ்திரேலியப் பேராசிரியர் சைமன் சேப்மனுடன் சேர்ந்து அந்த ஆவணக் குவியலில் மலேசியாவையும் சிங்கப்பூரையும் தேடினார். 2004-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். வெண்சுருட்டு விளம்பரத்துக்குத் தடை வந்த பிறகு, அதே பெயரில் பயண நிறுவனம், இசை நிகழ்ச்சி, உணவகம் என்று வேறு பொருள்களை விளம்பரப்படுத்தி மலேசியாவில் தடையைத் தாண்டியது எப்படி என்று நிறுவனங்கள் தங்கள் கைப்பட எழுதி வைத்திருந்தன. சிங்கப்பூரில் 1970-களின் தொடக்கத்திலேயே விளம்பரத் தடை வந்துவிட்டது. அதற்கு அவர்கள் கண்ட வழி, பாலத்துக்கு இந்தப் பக்கமிருந்து ஒளிபரப்பாகும் மலேசியத் தொலைக்காட்சி! அங்கே விளம்பரம் செய்தால் அலை தானாகவே சிங்கப்பூர் வீடுகளுக்குள் போய்விடும். ஒரு வெண்சுருட்டு நிறுவனத்தின் பெயர் தாங்கிய காற்பந்து லீக்கைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இவை வெறும் வரலாறு அல்ல. மினசோட்டாவில் ஒரு மாநிலம் தொடுத்த வழக்கு இல்லையென்றால் இவற்றில் பெரும்பகுதி நமக்குத் தெரிந்திருக்காது.

20,600 கோடியும் அதன் பிறகும்

1998 நவம்பர் 23 அன்று, மீதமிருந்த 46 மாநிலங்களும் நான்கு பெரிய நிறுவனங்களும் ஒரே உடன்பாட்டில் கையொப்பமிட்டன. முதல் 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர். அதன் பிறகும் ஆண்டுதோறும் தொகை உண்டு. விளம்பரப் பலகைகள் இறங்கின. கேலிச்சித்திரப் பாத்திரங்களை வைத்து விற்பது தடையானது. நிறுவனங்களின் பிரசாரக் கழகம் கலைக்கப்பட்டது.

இந்தப் பணத்தைக் கட்டியது யார்? உடன்பாடு முடிந்த கையோடு பெரிய நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு 45 காசு விலையேற்றின. ஆக, கட்டியவர்கள் புகைப்பவர்கள்தாம். இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை ஏறினால் புகைப்பது குறைகிறது, அதிலும் கைச்செலவுக் காசில் வாங்கும் இளையோரிடம் கூடுதலாகக் குறைகிறது என்பது பொருளியல் ஆய்வுகள் பலமுறை கண்டது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 1997-இல் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் புகைத்தனர். 2023-இல் அந்த அளவு 2 விழுக்காட்டிற்கும் கீழே வந்துவிட்டது. மின்வெண்சுருட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது தனிக்கதை.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. பணத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்று உடன்பாடு மாநிலங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. சாலை போட்டார்கள், வரவுசெலவுத் திட்டத்தில் விழுந்த துண்டை அடைத்தார்கள். பல மாநிலங்கள் வருங்காலத் தவணைகளையே கடன்பத்திரமாக விற்று, 25 ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே வாங்கிச் செலவழித்துவிட்டன. புகைப்பழக்கத்தைத் தடுக்கப் போனது மிகச் சிறிய பங்கு. மேலும், ஆண்டுத் தொகை விற்பனையைப் பொறுத்தது. விற்பனை குறைந்தால் மாநிலத்தின் வருமானமும் குறையும். எதிர்த்து வழக்காடியவரே பங்காளியாகிவிட்டார்.

இது எதுவரை போனது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2003 மார்ச்சில் இலினாய்ஸ் நீதிமன்றம் ஒன்று, 'லைட்ஸ்' என்று பெயரிட்டு மக்களை ஏமாற்றியதற்காக ஃபிலிப் மோரிஸ் 1,010 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடு செய்ய 1,200 கோடி டாலர் பிணைத்தொகை கட்ட வேண்டும். அவ்வளவு கட்டினால் மாநிலங்களுக்கு அடுத்த மாதம் தர வேண்டிய தவணையைத் தர இயலாது என்றது நிறுவனம். உடனே முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் நீதிமன்றத்துக்கு விரைந்து, பிணைத்தொகையைக் குறையுங்கள் என்று நிறுவனத்துக்காகப் பரிந்து பேசின. சில ஆண்டுகளுக்கு முன்பு அதே நிறுவனத்தின் சட்டையைப் பிடித்த அதே சட்டத்துறைத் தலைவர்களின் அலுவலகங்கள்! தொகை குறைக்கப்பட்டது; தீர்ப்பும் 2005-இல் மேல்முறையீட்டில் ஒழிந்தது.

அமெரிக்க நடுவண் அரசு தொடுத்த வழக்கு வேறு வகை. 1999 செப்டம்பரில் பதிவான அந்த வழக்கு, குற்றக் கும்பல்களை ஒடுக்க 1970-இல் கொண்டுவந்த சட்டத்தைப் புகையிலை நிறுவனங்கள் மீது திருப்பியது. மருத்துவச் செலவைக் கேட்ட பகுதியை நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2000-ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டார். மோசடியால் ஈட்டிய 28,000 கோடி டாலரைக் கக்க வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிராகரித்தது. அந்தச் சட்டம் வருங்காலக் குற்றத்தைத் தடுக்கவே, கடந்த காலத்துக்குத் தண்டிக்க அல்ல என்பது காரணம். 2006 ஆகஸ்டில் 1,600 பக்கங்களுக்கும் மேற்பட்ட தீர்ப்பு வந்தது. நிறுவனங்கள் ஐம்பது ஆண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று அதில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கிறது. தண்டத்தொகை இல்லை. உண்மையை மக்களுக்கு விளம்பரமாகச் சொல்லுங்கள் என்ற ஆணை மட்டும் இருந்தது. அந்த விளம்பரத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுவனங்கள் வழக்காடின. அது செய்தித்தாள்களில் வெளிவந்தது 2017 நவம்பரில். சில வரிகளை அச்சிடப் பதினொரு ஆண்டுகள்!

மற்ற நாடுகளும் முயன்றன. குவாத்தமாலா போன்றவை அமெரிக்க நீதிமன்றங்களிலேயே வழக்குத் தொடுத்தன. பாதிப்புக்கும் அந்நாட்டு அரசுக்கும் இடையே தொடர்பு தொலைவானது என்று அவை தள்ளுபடியாயின. வென்றது கனடா. அங்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் இந்த வழக்குக்கென்றே 2000-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றியது. ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே காட்ட வேண்டியதில்லை, புள்ளிவிவரக் கணக்கே சான்றாகப் போதும் என்றது அச்சட்டம். 2005-இல் கனடிய உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ஏற்றது. பத்து மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. இதற்கிடையில், கியூபெக்கில் 1998-இல் தொடங்கிய நோயாளிகளின் கூட்டு வழக்கில் 2015-இல் ஏறத்தாழ 1,500 கோடி கனடிய டாலருக்குத் தீர்ப்பு வந்தது. 2019-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. உடனே மூன்று நிறுவனங்களும் கடனாளர் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில் ஒதுங்கின. ஆறு ஆண்டுப் பேரத்துக்குப் பின், 2025 மார்ச்சில் ஒண்டாரியோ நீதிமன்றம் 3,250 கோடி கனடிய டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் பெரும்பங்கு மாநில அரசுகளுக்கு. கியூபெக் வழக்குக்குத் தம் பெயரைக் கொடுத்த நுரையீரல் நோயாளி 2012-லேயே காலமாகிவிட்டார்.

அந்தத் தொகையின் ஒரு பகுதிதான் முதலிலேயே கைக்கு வரும். மீதி, நிறுவனங்கள் இனி விற்று ஈட்டப்போகும் இலாபத்திலிருந்து ஆண்டுதோறும் வரும். கனடியப் புற்றுநோய்ச் சங்கம் இந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. புகைப்பழக்கத்தைக் குறைக்கும் நடவடிக்கை எதுவும் அதில் இல்லை என்றது. அமெரிக்காவில் நடந்ததைப் போல் உள் ஆவணங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாடும் இல்லை என்றது.